அறளை பெயர்தலும் முன்னறிதலும்: முதுமை மறதி பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் முதுமையின் அறிவுத் தடுமாற்றத்தை 'அறளை பெயர்தல்' என்பர். வடக்கிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து குடியேறியோரிடையே இத்தொடரை இன்றும் கேட்கலாம். இது ஒரு முடிவைச் சுட்டுகின்றதேயன்றி, அம்முடிவை நோக்கிய படிகளைச் சுட்டுவதில்லை. மருத்துவ அறிவியலோ அப்படிகளையே ஆராய முற்படுகின்றது. வயதின் இயல்பான மறதிக்கும் மறதிநோய்க்கும் இடைப்பட்ட நிலையை அது 'இலேசான அறிகைக் குறைபாடு' என வரையறுக்கின்றது. நினைவாற்றல் குன்றியமை பரிசோதனையிற் புலப்படும். ஆயின் அன்றாடக் கருமங்களைத் தாமே ஆற்றும் வல்லமை எஞ்சியிருக்கும்.

அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ரொனால்ட் பீற்றர்சனும் அவர் குழுவினரும் 1999 இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தாக்கத்தை நிலைநிறுத்தியது. அவர்கள் அவதானித்தோருள் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 வீதத்தினர் மறதிநோயை எய்தினர். நலமான முதியோரிடையே இது 1 முதல் 2 வீதமே. எனினும், மருத்துவமனையை நாடாத பொதுச் சனத்தொகையில் இவ்வீதம் குறைவு. சிலர் இயல்புநிலைக்கு மீள்வதும் உண்டு. மனச்சோர்வு, தைரொயிட் சுரப்புக் குறைவு, உயிர்ச்சத்து பி12 பற்றாக்குறை முதலியனவும் மறதியாகத் தோன்றக்கூடும். எனவே இந்நிலை ஒரு தீர்ப்பன்று.

எவர் நோயை எய்துவர் என்பதை முன்னறிய உயிரியற் குறிகள் பல உள. மூளையின் நினைவுப் பகுதியாகிய இப்போகம்பசு சுருங்குதல், அமிலொயிட் படிவு, அபோஈ4 என்னும் மரபணு வகை ஆகியன அவற்றுட் சில. அமிலொயிட் படிவை அறிய உதவும் முதலாவது குருதிப் பரிசோதனைக்கு 2025 இல் ஐக்கிய அமெரிக்கா அனுமதி வழங்கியது. ஆயினும் பெரும்பாலோரைப் பொறுத்தவரை முதற்கருவி வினாக்கொத்தே. அவ்வினாக்கொத்து வர்க்கச் சார்பற்றதா என்பதே இங்கு நோக்கற்பாலது.

1975 இல் அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவிய சுருக்க உளநிலைப் பரிசோதனை 30 புள்ளிகளைக் கொண்டது. நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தல், ஒரு வாக்கியம் எழுதுதல், ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைதல் ஆகியன அதில் அடங்கும். நடப்பது எந்தப் பருவம் என்றும் அது வினவும். நான்கு பருவங்களையுடைய நாட்டில் எழுந்த இவ்வினா, இரு பருவக்காற்றுகளுக்கிடையே வாழும் கொழும்பு முதியவரைத் திகைக்கச் செய்வது வியப்பன்று. பள்ளி செல்லும் வாய்ப்பற்றிருந்த ஒரு கொட்டாஞ்சேனைத் தொழிலாளி ஐங்கோணம் வரையத் தவறின், அது மறுக்கப்பட்ட கல்வியின் தடமாகவும் இருக்கலாம். மறுதலையாக, நாற்பதாண்டுகள் இலிகிதராக உழைத்த வெள்ளவத்தை ஓய்வூதியர் நோய் தொடங்கிய பின்னரும் உயர்ந்த புள்ளிகளைப் பெறக்கூடும். கல்வி தந்த 'அறிகைச் சேமிப்பு' தேய்வை மறைக்கின்றது. ஒரே அளவுகோல் ஒருவரை நோயாளியாக்குகின்றது; மற்றவரின் நோயைக் காணத் தவறுகின்றது.

உலக மறதிநோயாளருள் 66 வீதத்தினர் வளர்முக நாடுகளில் வாழ, சனத்தொகை ஆய்வுகளுள் 10 வீதத்துக்குங் குறைவானவையே அந்நாடுகளைப் பற்றியன என்னும் முரண்பாட்டையே தன் பெயராகக் கொண்டது '10/66' ஆய்வுக்குழு. அதன் பன்னாட்டு முடிவுகள் 2008 இல் வெளிவந்தன. வேலூரை அடுத்த கணியம்பாடிப் பகுதியில், அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வரையறைப்படி 65 வயதுக்கு மேற்பட்டோருள் 0.3 வீதத்தினரே நோயாளர். கல்வி வேறுபாட்டைக் கருத்திற்கொண்ட 10/66 முறைப்படியோ 10.6 வீதத்தினர். முதல் வரையறை, சமூகக் கடமைகளில் வீழ்ச்சி ஏற்பட்டிருத்தலை வேண்டுகின்றது. குடும்பம் முதியவரின் வேலைகளைத் தானே ஏற்று, 'வயது போனால் அப்படித்தான்' என அமைதி கொள்ளுமிடத்து, அவ்வீழ்ச்சி வெளிப்படுவதில்லை.

இலங்கையில் ராகமையில் நடைபெற்று 2003 இல் வெளிவந்த ஆய்வு ஏறத்தாழ 4 வீதத்தினரிடம் மறதிநோயைக் கண்டது. அதற்கு முன்னரே அப்பரிசோதனை சிங்களத்தில் அமைத்துச் சரிபார்க்கப்பட்டிருந்தது. கொழும்புத் தமிழ் முதியோரை அளக்கவும் அவர்தம் பேச்சுமொழியும் கல்வி நிலையும் அறிந்த கருவியே வேண்டும். அதனினும் இன்றியமையாதது சாட்சி. ஓராண்டுக்கு முன் இவர் எவ்வாறு இருந்தார் எனக் கூறவல்ல ஒருவரின்றி முன்னறிதல் நிறைவுறாது. 1983 இன் பின்னர் பிள்ளைகள் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் சென்றுவிட, தொடர்மாடியில் தனித்திருக்கும் தாய்க்கு அச்சாட்சி யார்? தொலைபேசியில் ஒலிக்கும் 'நான் சுகமாயிருக்கிறன்' என்ற மறுமொழி எதனையும் நிறுவாது.

2024 இல் லான்செட் ஆணைக்குழு திருத்தத்தக்க 14 காரணிகளைப் பட்டியலிட்டது. குறைந்த கல்வி, செவிப்புலன் இழப்பு, உயர் குருதியழுத்தம், நீரிழிவு, சமூகத் தனிமை ஆகியன அவற்றுள் அடங்கும். அனைத்தையும் களையின் உலகில் மறதிநோயின் 45 வீதத்தைத் தவிர்க்கவோ பின்தள்ளவோ இயலும் என்பது அதன் மதிப்பீடு. இவற்றுட் பல வறுமையோடும் இடப்பெயர்வோடும் பிணைந்தவை என்பது வெளிப்படை.

ஆகவே, ஒருவரை அந்நிய சராசரியோடன்றி அவருடைய நேற்றைய நிலையோடு ஒப்பிடுதல் வேண்டும். தாய்மொழியில் வினவி, ஆண்டுதோறும் மீள அளந்து, அயலவரின் கூற்றையும் பதிதல் வேண்டும். மூளையின் தேய்வு உயிரியல் நிகழ்வே. அது எவரிடம் உரிய காலத்திற் கண்டறியப்படும், எவரிடம் 'அறளை' என ஒதுக்கப்படும் என்பதைத் தீர்மானிப்பது சமுதாயமே.