மாமனார் சேர்த்த மர ஜீப்!

நகை சேர்ப்பவர்கள் உண்டு, பட்டுப் புடவை சேர்ப்பவர்கள் உண்டு. என் மாமனார் சேர்த்ததோ ராணுவ வண்டிப் பொம்மைகளை! அதுவும் முழுப் பொம்மையாக அல்ல. இனிமேல்தான் செய்து முடிக்க வேண்டிய மரத்துண்டுகளாக.

அவர் கொடைக்கானல் பங்களாக்களில் தச்சு வேலை பார்த்தவர். அமெரிக்க மிஷன்காரர்கள் 1845-லேயே இங்கே வீடு கட்டியவர்கள். 1901-ல் அவர்கள் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடமும் வந்தது. அந்தக் குடும்பங்கள் சொந்த நாட்டுக்குத் திரும்பும்போது கட்டில், மேஜையோடு விளையாட்டுச் சாமான்களையும் கொடுத்துவிட்டுப் போவார்களாம். மாமனார் மற்றதை விட்டுவிட்டு இந்த அட்டைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வருவார். இப்படி ஏழு பெட்டிகள் சேர்ந்தன. ஜீப், டாங்கி, பீரங்கி வண்டி என்று ரகம் ரகமாக! உள்ளே அரைகுறையாக வெட்டிய கட்டைகள், கடைந்த சக்கரங்கள், உப்புத்தாள், ஒரு வரைபடம். செதுக்கி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடிப்பது வாங்கினவர் பாடு.

ஏன் மரம்? யுத்தம்தான் காரணம். இரண்டாம் உலகப் போரில் இரும்பும் ரப்பரும் ஆயுதத்துக்குப் போய்விட்டன. 1942-ல் அமெரிக்காவில் உலோகப் பொம்மை செய்வதற்கே தடை வந்தது. லேசான பால்சா மரம்கூட உயிர்காக்கும் மிதவைகளுக்கும், இங்கிலாந்தின் மஸ்கிட்டோ விமானத்துக்கும் தேவைப்பட்டது. விமானங்களை அடையாளம் காணப் பழகுவதற்காக, 5 லட்சம் மர மாதிரிகளைப் பள்ளி மாணவர்களிடம் அமெரிக்கக் கடற்படை கேட்டதும் அதே வருஷம்தான். 1950-களில் பிளாஸ்டிக் பரவியதும் மரப் பெட்டிகளுக்கு மவுசு போய்விட்டது.

ஜீப் மட்டும் நமக்கு அந்நியமில்லை. யுத்தத்துக்கென்று பிறந்த வண்டி, பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டு மூட்டையும் சுமந்தது, பிள்ளைத்தாச்சிகளையும் ஆஸ்பத்திரிக்குச் சுமந்தது.

மாமனார் காலமானதும் வந்தது வினை. "அடுப்புக்குத்தான் ஆகும்" என்றார் அத்தை. பழைய பேப்பர்காரர் எடைக்குக் கேட்டார். பிறகு ஊர் சுற்ற வந்த ஒருவர், "செய்யாத பெட்டிக்கு வெளிநாட்டில் நல்ல விலை இருக்கு" என்று சொல்லிவிட, "வித்துடலாம் மதினி, பங்கு பிரிச்சுக்கலாம்" என்றார் கொழுந்தனார். என் மகளோ, "நான் செஞ்சு பாக்கணும்மா" என்று ஒரே பிடிவாதம். செதுக்கினால் விலை போச்சு; விற்றால் பெரியவர் ஞாபகம் போச்சு!

கடைசியில் மூன்று பெட்டிகளைக் கொழுந்தனார் பங்காகக் கொடுத்தோம். மிச்சம் நான்கை விற்பதில்லை, செதுக்குவதுமில்லை என்று முடிவு செய்தோம். ஜீப்பின் வரைபடத்தை மட்டும் டிரேசிங் பேப்பரில் படி எடுத்து, சில்வர் ஓக் துண்டுகளை வாங்கி வந்து, மாமனாரின் உளியை நானே கையில் எடுத்தேன். "பொம்பளைக்கு எதுக்குக்கா உளி?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அரிவாள்மனை பிடிக்கிற கைக்கு உளி பிடிக்க வராதா என்ன? ஒரு மாதத்தில் நானும் மகளும் ஜீப்பை முடித்தோம். அடுப்புக்கு என்று சொன்ன அத்தைதான் அதை மாமனார் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

பழைய மரச் சாமான் வைத்திருக்கும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்: எங்கள் மலைப் பனிக்கு அட்டை சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், தரையில் வைக்காமல் தகரப் பெட்டியில் வையுங்கள். வசம்பைத் துணியில் முடிந்து உள்ளே போடுங்கள். வெயில் நாளில் நிழலில் ஆற விடுங்கள். மாவு போலத் தூள் உதிர்ந்தால் வண்டு துளைக்கிறது. அந்தப் பெட்டியை உடனே தனியாக எடுத்துவிடுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது.

பரணைக் காலி செய்யப் பேப்பர்காரரைக் கூப்பிடும் முன், பெட்டிகளை ஒரு தடவை திறந்து பாருங்களேன்!

- ஒரு வாசகி, கொடைக்கானல்.