இங்ஙனமா, இங்கனமா? கடிதத்தின் கடைசிச் சொல்லை எப்படி எழுதணும்?

அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் ஒட்டிய நோட்டீஸ், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுக்கும் மனு, தெருமுனை பேனர்... எதை எடுத்தாலும், பெயருக்கு மேலே கடைசியாக ஒரு சொல் இருக்கும். சிலர் 'இங்ஙனம்' என்கிறார்கள், சிலர் 'இங்கனம்', இன்னும் சிலர் 'இங்ஞனம்'. எது சரி?

எழுத்து

'இங்ஙனம்' மட்டும்தான் சரி. புள்ளி வைத்த ங், அடுத்து புள்ளி இல்லாத ங, பிறகு ரெண்டு சுழி ன.

ஏன் இந்தக் குழப்பம்?

தங்கம், மாங்காய், சங்கு என்று நாம் தினமும் எழுதும் சொற்களில் ங்-க்குப் பின்னால் க வரிசைதான் வரும். அதனால் கை தானாகவே 'க' போட்டுவிடுகிறது. பள்ளியில் ங, ஙா, ஙி என்று மொத்த வரிசையையும் மனப்பாடம் செய்தாலும், அதில் புழக்கத்தில் இருப்பது ஏறக்குறைய 'ங' ஒன்றுதான். அதுவும் இங்ஙனம், அங்ஙனம், எங்ஙனம், யாங்ஙனம் போன்ற சில சொற்களில் மட்டும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், இதற்கென்றே தனி விதி சொல்கிறது: அ, இ, உ என்ற சுட்டு, எ என்ற வினா, யா இவற்றை ஒட்டித்தான் 'ங' வரும்.

உச்சரிப்பிலும் 'க' சத்தம் வராது. மலையாளிகள் 'எங்ஙனெ' என்று கேட்பதைக் கவனித்தால் புரிந்துவிடும்.

அர்த்தம் என்ன?

'நன்றி', 'அன்புடன்' மாதிரி இது மரியாதைச் சொல் இல்லை. 'இவ்வாறு' என்பதே இதன் பொருள். அதாவது, 'மேலே இருப்பதை இவ்வாறு சொல்வது இன்னார்'. அதனால் கீழே பெயர் போடுபவர் மேலே உள்ள ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு ஏற்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த மனுவை காப்பி செய்து, படிக்காமலே பெயர் போடுபவர்கள் இதைக் கவனிக்கணும்.

'இப்படிக்கு' என்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளிலேயே கையெழுத்திட்டவரின் பெயருக்கு முன்னால் 'இப்படிக்கு' வருகிறது.

எங்கே எதைப் போடலாம்?

* மனு, சுற்றறிக்கை, பொது அறிவிப்பு: இங்ஙனம் அல்லது இப்படிக்கு.
* நண்பர், உறவினருக்குக் கடிதம்: இப்படிக்கு அல்லது அன்புடன். இங்கே 'இங்ஙனம்' போட்டால் நோட்டீஸ் படிக்கிற மாதிரி இருக்கும்.
* இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம். சொன்னதையே திரும்பச் சொல்வதாகிவிடும்.
* 'தங்கள் உண்மையுள்ள' என்று சேர்த்தால், அதில் மூணு சுழி ண. 'உன்மை' தப்பு.

டைப் செய்வது எப்படி?

ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் கீபோர்டில் 'இங்கனம்' என்று வர வாய்ப்பு அதிகம். தமிழ்99 கீபோர்டில் ஆங்கில 'பி' இருக்கும் இடத்தில் ங இருக்கும். இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அதுவும் சிரமம் என்றால் 'இப்படிக்கு' போடுங்கள். அர்த்தம் மாறாது, தப்பும் வராது.