சிலந்தி விஷத்தின் இரட்டை முடிச்சு

சிலந்தி, திட உணவை விழுங்கும் ஆற்றலற்ற பிராணி. பற்றிய இரையை விஷத்தால் செயலறச் செய்து, செரிமான நீரால் கரைத்து, உறிஞ்சி உண்பதே அதன் வழக்கம். ஒரு சில குடும்பங்கள் நீங்கலாக எல்லாச் சிலந்திகளுக்கும் விஷம் உண்டு. எனினும் அவற்றுள் மனிதனுக்குப் பெருந்தீங்கு விளைவிப்பவை மிகச் சிலவே. அவ்விஷம் எப்பொருள்களால் ஆனது, உடலில் எவ்விடத்தில் வேலை செய்கிறது என்னும் வினாக்கள் இன்று வைத்திய ஆராய்ச்சிக்குப் புதிய வழியைத் திறந்துள்ளன. நம் நாட்டில் புனே நகரில் இத்துறையில் நிகழ்ந்த பணியை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் அறிந்துகொள்வது நலம்.

சிலந்தி விஷம் ஒரே பொருள் அன்று. பல பொருள்களின் கலவை. ஒரே இனத்தின் விஷத்தில் நூற்றுக்கணக்கான சிறு புரதங்கள் காணப்படுவதுண்டு. இவற்றுட் பல முடிச்சு போன்ற அமைப்புடையவை. புரதச் சங்கிலியில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் ஆறு இடங்களில் அமைகின்றது. அவை இரண்டிரண்டாக இணைந்து மூன்று கந்தகப் பிணைப்புக்கள் உண்டாகின்றன. இரு பிணைப்புக்களும் சங்கிலியின் பகுதிகளும் சேர்ந்து ஒரு வளையமாக, மூன்றாவது பிணைப்பு அவ்வளையத்தினூடே நுழைந்து செல்கிறது. இங்ஙனம் இறுகிய புரதம் வெப்பத்தாலும், புரதத்தைச் சிதைக்கும் நொதிகளாலும் எளிதில் அழிவதில்லை.

இப்புரதங்கள் பெரும்பாலும் நரம்பணுக்களின் மேலுறையில் அமைந்த அயனி வாயில்களையே தாக்குகின்றன. சோடியம், பொட்டாசியம், கால்சியம் முதலிய அயனிகள் உள்ளே வருவதும் வெளியே செல்வதும் இவ்வாயில்கள் வழியேதான். சில நச்சுக்கள் வாயிலை அடைத்து விடுகின்றன. சில அதனைத் திறந்தபடியே நிறுத்துகின்றன.

மிளகாயைக் கடித்தால் நாக்கு எரிவதை யாவரும் அறிவர். மிளகாயின் காரப் பொருளான காப்சைசின், டி.ஆர்.பி.வி.1 என்னும் வாயிலைத் திறப்பதே இதற்குக் காரணம். ஏறக்குறைய 43 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பமும் இதே வாயிலைத் திறக்கிறது. ஆகவேதான் காரம், சூடுபோல் உணரப்படுகிறது. இவ்வாயிலை 1997ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்தனர். 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசை அவரும் ஆர்டெம் பட்டபூட்டியனும் பகிர்ந்து பெற்றனர்.

தென் சீனாவிலும் வியட்நாமிலும் மண் வளைகளில் வாழும் ஒரு பெருஞ்சிலந்தியின் விஷத்திலிருந்து, இவ்வாயிலைத் திறக்கும் புரதமொன்றை 2010ஆம் ஆண்டில் ஜூலியஸ் குழுவினர் பிரித்தெடுத்தனர். இதில் முடிச்சு ஒன்றன்று, இரண்டு. இடையே ஒரு சிறு இணைப்பு உள்ளது. ஆதலின் ‘இரட்டை முடிச்சு நச்சு’ எனப் பெயர் பெற்றது. முடிச்சுக்களைத் தனித்தனியே பிரித்தால், அவை வாயிலைவிட்டு விரைவில் கழன்று விடும். இரண்டும் சேர்ந்திருக்கையில், ஒன்று கழன்றாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். கழன்றதும் மீண்டும் பற்றிக்கொள்ளும். ஆதலால் நீரால் கழுவினாலும் நச்சு எளிதில் அகல்வதில்லை. இவ்வுறுதியைப் பயன்படுத்தி, 2013ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் வாயிலைத் திறந்த நிலையில் நிறுத்தி, உறைகுளிர் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பால் அதன் வடிவத்தைக் கண்டனர்.

இந்நச்சைப் பெறுவதற்குச் சிலந்திகளைக் கொல்ல வேண்டுவதில்லை. பாக்டீரியாவுக்குள் உரிய ஜீனைச் செலுத்திப் புரதத்தை உண்டாக்கி, பின்னர் அதனைச் சரியான முடிச்சாக மடியச் செய்யலாம். 2012ஆம் ஆண்டில் வெளியான இம்முறையை உருவாக்கியவர்களுள் ஜீத் கலியாவும் ஒருவர். பின்னர் அவர், 2006ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற புனே இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்நச்சின் அமைப்பையும் செயலையும் ஆராய்ந்தார். நச்சு வாயிலை மட்டும் பற்றுவதில்லை; வாயிலைச் சூழ்ந்த கொழுப்புச் சவ்விலும் பதிந்து அமர்கிறது. சவ்வுடன் கொள்ளும் இத்தொடர்பே நச்சின் செயலில் பெரும்பங்கு பெறக்கூடும் என்பதை அவரது குழுவினர் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது.

இதனால் விளையும் பயன் யாது? நோவை அறிவிக்கும் வாயிலை அடக்கினால் நோவைத் தணிக்கலாம் என்பது பலரது எண்ணம். ஆனால் இவ்வாயிலை அடைக்கும் சில மருந்துகளை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தபோது உடல் வெப்பம் உயர்ந்தது. சூட்டை உணரும் திறனும் சிலருக்குக் குறைந்தது. சுடுநீரின் சூட்டை உணராதவன் வெந்துபோவான் அன்றோ? ஆகவே வாயிலை முற்றிலும் பூட்டாமல் தேவையான அளவுக்கு மட்டும் கட்டுப்படுத்த, அது எங்கெங்கே எவ்வாறு அசைகிறது என்பதை நுணுக்கமாக அறிதல் இன்றியமையாதது. அவ்வறிவை அளிக்கும் கருவியே சிலந்தி நச்சு.

களப்பணியாளருக்கு ஒரு குறிப்பு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் மரப்பொந்துகளில் பெருஞ்சிலந்திகள் வாழ்கின்றன. அவற்றைக் கையால் தொடலாகாது. அஞ்சிக் கொல்லவும் வேண்டா. கடிபட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவிக் குளிர்ந்த துணியை ஒற்றி, வலியோ தசைப்பிடிப்போ மிகுந்தால் வைத்தியரை நாடுக. கடிவாயைக் கீறுவதும் உறிஞ்சுவதும் கூடா. ஆசிரியர்கள் மாணாக்கருக்கு இவ்விஷயத்தைக் கற்பிக்கும்போது, மிளகாயின் காரத்திலிருந்தே தொடங்கலாம். அயனி வாயில் என்னும் கடினமான கருத்து எளிதில் விளங்கும்.