ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பி வராத எம்.எல்.ஏ.!

ஒரே தீர்ப்பு. இரண்டு நாற்காலி காலி!

2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை. பெங்களூர் தனிக்கோர்ட்டில் நீதிபதி ஜான் மைக்கேல் டி.குன்ஹா தீர்ப்பு சொன்னார். சொத்து குவிப்பு வழக்கில் முதல்-மந்திரி ஜெயலலிதாவுக்கு 4 ஆண்டு ஜெயில், 100 கோடி ரூபாய் அபராதம். கோட்டையில் முதல்-மந்திரி நாற்காலி போச்சு. ஸ்ரீரங்கம் தொகுதிக்கு எம்.எல்.ஏ.வும் இல்லாமல் போச்சு.

பதவியில் இருக்கும் முதல்-மந்திரி தண்டனை பெற்று பதவி இழந்தது இந்தியாவிலேயே அதுதான் முதல் தடவை.

மாதம் 1 ரூபாய் சம்பளம் போதும் என்று ஆட்சி நடத்தியவர் மீது, அதே 1991-96 ஆட்சிக் காலத்துக்கு 66 கோடி ரூபாய் சொத்து வழக்கு. தீர்ப்புக்கு 18 வருஷம் ஆனது.

அப்பீல் செய்தால் பதவி தப்பாதா? முன்பு என்றால் தப்பியிருக்கும். 3 மாதத்துக்குள் அப்பீல் செய்தவர்கள் பதவியில் நீடிக்க சட்டத்தில் சலுகை இருந்தது. 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்து விட்டது.

முதல்-மந்திரி தொகுதி

பூர்வீக ஊர் என்று சொல்லி 2011-ல் ஸ்ரீரங்கத்தில் நின்றார் ஜெயலலிதா. தி.மு.க. வேட்பாளர் ஆனந்தை 41,848 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அதன் பிறகு தொகுதிக்கு யோகம்தான். ரங்கநாதர் கோவிலில் நாள் முழுக்க அன்னதானம். பஞ்சக்கரையில் யாத்ரீகர்கள் தங்க யாத்ரி நிவாஸ். நவலூர் குட்டப்பட்டில் தேசிய சட்டப்பள்ளி. பக்கத்து தொகுதிக்காரர்கள் பொறாமைப்பட்டால் அதில் தப்பே இல்லை.

தீர்ப்புக்குப் பின் 2015 பிப்ரவரி 13-ல் இடைத்தேர்தல். தண்டனை ஓட்டைக் குறைக்குமா? குறைக்கவில்லை! அதே ஆனந்தை அ.தி.மு.க. வளர்மதி 96,516 ஓட்டில் வென்றார். ஆளுங்கட்சிக்கு இடைத்தேர்தல் எப்போதும் லாபம்தான். அதற்காக இரண்டு மடங்குக்கு மேலா?

3 மாதம் லேட்

2015 மே 11-ல் கர்நாடக ஐகோர்ட்டு ஜெயலலிதாவை விடுதலை செய்தது. அதிக சொத்து 8.12 சதவீதம்தான், 10 சதவீதம் வரை பரவாயில்லை என்பது கணக்கு. கூட்டலிலேயே தப்பு என்று அன்றைக்கே சர்ச்சை கிளம்பியது.

ஆனால் ஸ்ரீரங்கத்தில் இடம் ஏது? அங்கே வளர்மதி உட்கார்ந்து 3 மாதம் ஆகிவிட்டது. ஜெயலலிதா சென்னை ஆர்.கே.நகருக்குப் போனார். 2016 தேர்தலிலும் அங்கேயே நின்று ஜெயித்தார். அந்த டிசம்பர் 5-ல் காலமானார்.

2017 பிப்ரவரி 14-ல் சுப்ரீம் கோர்ட்டு விடுதலையை ரத்து செய்தது. ஜெயலலிதா மறைந்துவிட்டதால் அவர் மீதான வழக்கு அற்றுப்போனது. சசிகலா, இளவரசி, சுதாகரன் 3 பேரும் மறுநாள் பெங்களூர் பரப்பன அக்ரஹாரா ஜெயிலுக்குப் போனார்கள்.

அதற்கும் மறுநாள் சென்னையில் எடப்பாடி பழனிசாமி மந்திரிசபை பதவி ஏற்றது. அதில் ஸ்ரீரங்கம் வளர்மதியும் மந்திரி!