பிர்ச் பட்டை அணிந்த கைகள்

கண்ணாடிக்கு முன் – 9

தலையை மழித்துக்கொண்டு கேமராவை நேருக்கு நேர் பார்த்த கிளாட் காஹூனைச் சென்ற வாரம் சந்தித்தோம். இந்த வாரம் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்துக் காடு ஒன்றுக்குப் போகலாம். காலம்: 1980, கோடை.

அந்தக் காட்டின் ஓரத்தில் பீட்டர்பரோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. இசையமைப்பாளர் எட்வர்ட் மெக்டவலும் பியானோ கலைஞரான அவர் மனைவி மரியனும் அங்கே இருந்த தங்கள் பண்ணையை 1907-இல் கலைஞர்களுக்குத் திறந்துவிட்டார்கள். மறு ஆண்டே எட்வர்ட் இறந்துபோனார். மரியன் ஊர் ஊராகப் போய் வாசித்துப் பணம் திரட்டி அந்த இடத்தைக் காப்பாற்றினார். மரங்களுக்கிடையே ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளிக் கட்டிய குடில்கள். மதியச் சாப்பாட்டைக் கூடையில் வைத்து வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வேலை செய்கிறவரைக் கூப்பிடுவதில்லை. புறப்படும்போது குடிலின் சுவரில் மாட்டிய மரப்பலகையில் பெயரெழுதிவிட்டுப் போவது வழக்கம். தார்ன்டன் வைல்டர், ஜேம்ஸ் பால்ட்வின் எல்லாம் இங்கே தங்கி எழுதியவர்கள். ‘இத்தனை நாளில் என்ன செய்தாய்?’ என்று கணக்குக் கேட்க ஆளில்லாத இடம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1980 கோடையில் அங்கே வந்து தங்கியவர் பிரான்செஸ்கா வுட்மன். வயது 22. அப்பா ஜார்ஜ் ஓவியர், அம்மா பெட்டி பீங்கான் கலைஞர். கொலராடோவில் பிறந்து வளர்ந்தாலும், கோடைக்காலங்களைக் குடும்பத்தோடு இத்தாலியில், ஃபிளாரன்ஸ் அருகே ஒரு பண்ணை வீட்டில் கழித்த பெண். 13 வயதில் எடுத்த முதல் சுயபடத்திலேயே முகத்தைத் தலைமுடியால் மறைத்துக்கொண்டார். கையிலிருந்து கேமராவுக்குப் போகும், ஷட்டரை இயக்கும் கம்பி மட்டும் தடித்த கோடாகத் தெரியும். முகத்தைக் காட்டாத சுயபடம்!

பிறகு ரோட் ஐலண்ட் வடிவமைப்புக் கல்லூரி. பிராவிடன்ஸ் நகரத்தில் பாழடைந்த ஒரு வீட்டில் எடுத்த படங்கள்தான் அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு ஞாபகம் வரும். உரிந்து தொங்கும் சுவர்த்தாளுக்குப் பின்னால் ஒளிகிறார். கணப்படுப்பின் சட்டத்துக்குள் நுழைகிறார். சதுரப் படம் தரும் கேமராவின் ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து, அந்த நேரத்துக்குள் தான் அசைந்துவிடுவார். சுவர் துல்லியமாக விழும், ஆள் புகையாகிவிடுவாள். இருட்டறை வித்தை எதுவுமில்லை, ஷட்டரும் பொறுமையும்தான். ஏன் உங்களையே படமெடுக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, நான்தானே எப்போதும் கைவசம் இருக்கிறேன் என்கிற பாணியில் பதில் சொன்னவர் அவர். நான் அந்தப் பதிலை அப்படியே நம்புகிறேன். மாடலுக்குக் காசு கொடுக்க முடியாத மாணவி வேறென்ன செய்வாள்?

மெக்டவல் படத்துக்கு வருகிறேன். வெள்ளைப் பட்டை போர்த்த பிர்ச் மரங்கள். நம் இமயத்தில் சுவடி எழுதப் பட்டை கொடுத்த பூர்ஜ மரத்தின் பங்காளி இது. பட்டை தாள்போல் சுருள்சுருளாக உரிந்து வரும். அந்தச் சுருள்களை முன்கைகளில் மாட்டிக்கொண்டு கைகளை மேலே உயர்த்துகிறார் பிரான்செஸ்கா. பட்டையும் தோலும் சேரும் இடத்தில்தான் கண் போய் நிற்கிறது.

இத்தாலியில் கோடைகளைக் கழித்தவர் கை இப்படி உயர்ந்தால் டாஃப்னியை நினைக்காமல் இருக்க முடியாது. அப்பல்லோ துரத்த, ஓட முடியாமல் போன கணத்தில் நதித் தெய்வமான தன் தகப்பனிடம் உருவை மாற்றிவிடும்படி வேண்டி மரமாகிப்போன பெண். ரோமில் பெர்னினி செதுக்கிய சிலையில் விரல் நுனிகள் இலையாகிக்கொண்டிருக்கும். பிரான்செஸ்கா கல்லூரிக் காலத்தில் ஓராண்டு அதே ரோமில் தங்கிப் படித்தவர். அகலிகை கல்லானது சாபத்தால். டாஃப்னி மரமானது கேட்டு வாங்கிய வரத்தால். இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மரமாகும் பெண் என்பது தொல்படிமம். அந்தக் கருத்தை உளவியலுக்குள் கொண்டுவந்த கார்ல் யுங், தொல்படிமத்துக்கு உள்ளடக்கம் கிடையாது, அது வெறும் வார்ப்பு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதை நிரப்புவது அவரவர் வாழ்க்கை. ஆனால் இன்று ‘உன்னை அறி’ என்று நடத்தும் புகைப்பட முகாம்களில் பன்னிரண்டு பிரிவுள்ள ஒரு வட்டத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்: வீரன், காதலன், ஞானி, கோமாளி. எது நீ என்று பார், அப்படி உடுத்து, படமெடு. யுங் அப்படிப் பன்னிரண்டு என்று எண்ணியதே இல்லை. அந்த எண்ணிக்கை பரவியதில் மார்கரெட் மார்க்கும் கேரல் பியர்சனும் 2001-இல் வணிகச் சின்னங்களை வளர்ப்பதற்காக எழுதிய புத்தகத்துக்குப் பெரிய பங்குண்டு. சோப்பு விற்கப் பயன்பட்ட வட்டத்தில் தன்னைத் தேடினால் சோப்புக்குரிய பதில்தான் வரும். பிரான்செஸ்கா காட்டில் பட்டியலைப் பார்த்து டாஃப்னியைத் தேர்ந்தெடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பட்டை கையில் கிடைத்திருக்கிறது, கைக்குப் பொருந்தியிருக்கிறது, பழங்கதை பின்னால் வந்து நின்றிருக்கிறது.

அந்தக் கோடைக்கு அடுத்து வந்த ஜனவரி 19 அன்று நியூயார்க்கில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இதைச் சொல்லாமல் விட முடியாது. சொன்னதும் ஒரு விபரீதம் நடக்கிறது: படங்கள் எல்லாம் முன்னறிவிப்புகளாகிவிடுகின்றன. புகையாய்க் கலைந்த உருவம் மரணம், சுவர்த்தாள் மரணம், பிர்ச் பட்டையும் மரணம். எல்லாப் படத்துக்கும் ஒரே பதில் என்றால் படத்தைப் பார்க்கவே வேண்டியதில்லையே. அதே 1980-இல் அவர் செய்த இன்னொரு வேலையை இந்த வாசிப்பு என்ன செய்யும்? தோழிகளைத் துணி சுற்றி நிறுத்தி, கிரேக்கக் கோயில் கூரையைத் தலையில் தாங்கும் பெண்தூண்களாக்கி, கட்டட வரைபடம் எடுக்கும் நீலத்தாளில் ஆளுயரத்துக்கும் மேலே அச்சிட்டார். நியூயார்க் குளியலறைகளின் படங்களையும் சேர்த்து ஒரு கோயில் முகப்பையே காகிதத்தில் எழுப்பினார். கூரையைத் தாங்கி நிற்கும் பெண்ணைக் கலைந்து மறைகிறவள் என்று யாராவது சொல்ல முடியுமா? உள்ளங்கை அகலத்துக்குச் சற்று பெரிதாக அச்சிட்டுக்கொண்டிருந்தவர் இங்கே சுவரளவுக்கு வந்திருக்கிறார்.

1986-இல் வெல்லஸ்லி கல்லூரி அருங்காட்சியகத்தில் அவர் படங்கள் காட்சிக்கு வந்தபோது வெளியான நூலில், விமர்சகர் ரோசலிண்ட் கிராஸ் இவற்றில் பல, வகுப்பில் கொடுத்த பயிற்சிக் கணக்குகளுக்கு அந்த மாணவி கண்டுபிடித்த விடைகள் என்று எழுதினார். அதே நூலில் அபிகேல் சாலமன்-கோடோ அவற்றைப் பெண்ணியக் கோணத்தில் படித்தார். எனக்குக் கிராஸின் வறட்டுத்தனம் பிடிக்கும். மரணத்தின் மூட்டம் அதில் இல்லை. ஆனால் பிர்ச் மரத்தடியில் அவர் வாதம் செல்லாது. மெக்டவலில் கணக்குப் போட்டுக் கொடுக்க வாத்தியார் இல்லை, திருத்தவும் ஆளில்லை. நியூயார்க்கில் ஃபேஷன் புகைப்படக்காரர்களின் கதவைத் தட்டிப் பலனில்லாமல் போனவருக்கு, யாரும் எதையும் கேட்காத சில வாரங்கள் கிடைத்தன. அந்த வாரங்களில் அவர் சுவர்களை விட்டு வெளியே வந்து மரத்தோடு பழகினார். அறைக்குள் ஒளிந்துகொண்டிருந்தவர் வெளியில் கை உயர்த்துவது எவ்வளவு பெரிய திருப்பம் என்று அந்தப் பாழ்வீட்டுப் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

இன்னொருவர் தன்னை மறைக்கவுமில்லை, மரமாகவுமில்லை. இல்லாத சினிமாக்களின் கதாநாயகியாகிக்கொண்டே போனார். சிண்டி ஷெர்மன், அடுத்த வாரம்.

(தொடரும்)