தொண்ணூற்றெட்டு வாங்கியும் அழும் பிள்ளை

கணிதத்தில் 45-க்கு 42. நண்பன் சாரங்கபாணிக்கு 43. அந்த ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் மனம் உடைந்து, நண்பனோடு பேசவும் பிடிக்காமல் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினான் கும்பகோணத்துப் பள்ளிச் சிறுவன், பின்னாளில் கணித மேதையான ராமானுஜன். 1904-ல் அங்கேயே அரசுக் கல்லூரியில் சேர்ந்தபோது கணிதம் ஒன்றையே பிடித்துக்கொண்டு மற்ற பாடங்களை விட்டுவிட்டதால் உதவித்தொகை பறிபோனது. 17 வயதுப் பிள்ளை யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். வீட்டார் பதறிப்போய்ப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்துத் தேடினார்கள்.

நம் கடம்பத்தூரிலும் இப்படிப் பிள்ளைகள் உண்டு. அப்பா ஷிப்டுக்குக் கிளம்பிவிடுகிறார், அம்மா முதல் மின்சார ரயிலைப் பிடிக்கிறார். பள்ளித் தேர்வில் மகள் தொண்ணூற்றெட்டு வாங்கிவிட்டு, போன இரண்டை நினைத்துச் சாப்பிடாமல் படுத்திருப்பாள். "இவ்வளவு அறிவிருந்து என்ன, இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று கேட்டுவிடுகிறோம்.

அழுவாள். வட்டிக் கணக்கை மனதிலேயே போடும் பத்து வயதுப் பெண்ணுக்கு ஏமாற்றத்தைத் தாங்கும் வயது பத்துதான். உணர்ச்சியை அடக்கி ஆள உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. பெரியவரின் அறிவும் குழந்தையின் மனமும் ஒரே உடம்பில் சேரும்போது சிக்கல் வரும் என்று அமெரிக்க உளவியலாளர் லெட்டா ஹாலிங்வொர்த் அன்றே எழுதினார். அதற்காக, மேதை என்றாலே மனநோய் என்ற பேச்சை நம்ப வேண்டாம். 1921-ல் கலிபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் தொடங்கிய நீண்ட ஆய்வில், கூர்த்த அறிவுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே வளர்ந்தார்கள்.

ஆபத்து பெரும்பாலும் நம் பாராட்டில் இருக்கிறது. 1998-ல் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும், சிலரிடம் "நன்றாக உழைத்தாய்" என்றும் சொன்னார்கள். அடுத்து வந்த கடினமான புதிரில் எல்லோரும் திணறினார்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்களுக்கு ஆர்வம் போனது, பிறகு கொடுத்த சுலபமான புதிர்களிலும் சறுக்கினார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். அந்தப் பெயரைக் காப்பாற்றும் பாரத்தை நாமே அவர்கள் தோளில் ஏற்றிவிடுகிறோம்.

ராமானுஜன் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் தேறவில்லை. அவரை நிமிர்த்தியது சிந்தனைக்கு ஈடுகொடுத்த துணை என்றே நினைக்கிறேன். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானபோது, அங்கே மேலதிகாரியான எஸ்.நாராயண ஐயரும் கணிதம் படித்தவர். இரவுகளில் இருவரும் பலகையோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். தாவித் தாவிப் போகாமல் பிறருக்குப் புரியும்படி இடைப்படிகளையும் எழுதச் சொல்லி ஐயர் விடாமல் வற்புறுத்தினார். மதித்தார், கண்டித்தார், கூடவே இருந்தார்.

நம் பிள்ளைகளுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். இன்னொரு டியூஷனைவிட, மேல் வகுப்பில் படிக்கும் ஓர் அக்கா, சதுரங்கம் ஆடும் ஒரு தாத்தா, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழைச் சேர்ந்து படிக்க ஓர் ஆசிரியர். தோற்கக்கூடிய விளையாட்டில் வாரம் ஒருமுறையாவது பிள்ளை தோற்கட்டும், நாமும் பக்கத்தில் இருப்போம். தூக்கம் கெட்டு, பேச்சு குறைந்து, பள்ளிக்குப் போகவே அஞ்சினால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.