கழுத்தடியில் ஒரு மூச்சு

2021 பிப்ரவரியில் சென்னை நீலாங்கரைக்கு அப்பால், கடலுக்கடியில் ஏறத்தாழ 60 அடி ஆழத்தில் ஒரு திருமணம் நடந்தது. மணமகள் புடவையில், மணமகன் வேட்டியில். பட்டு நெய்யும் ஆரணியில் அந்தப் படங்களைப் பார்ப்பவர் கண் முதலில் துணிமணிக்குத்தான் போகும். நான் தேடியது வேறு: வாயில் கவ்விச் சுவாசிக்கும் கருவியான ரெகுலேட்டரில் இரண்டாவது எங்கே மாட்டப்பட்டிருக்கிறது?

அந்த ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல 2.8 மடங்கு. அதனால் ஒவ்வொரு மூச்சும் சிலிண்டரிலிருந்து 2.8 மடங்கு காற்றை இழுக்கும். பதறினால் மூச்சு வேகமெடுக்கும். காற்று இன்னும் சீக்கிரம் தீரும். கூட வந்தவருக்குத் தீர்ந்துபோனால் கொடுப்பதற்காகவே ஒவ்வொருவரும் கூடுதலாக ஒரு ரெகுலேட்டர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும் இதை முக்குளிப்பவர்கள் 'ஆக்டோபஸ்' என்பார்கள்.

இதைச் சும்மா தொங்கவிட்டால் மணலில் இழுபடும், பவளப்பாறையில் மோதும். வாயில் கவ்வும் பக்கம் மேலே பார்த்துத் திரும்பிவிட்டால் இன்னொரு தொல்லை. உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு அப்போது கவ்வும் பக்கத்தைவிடச் சற்று ஆழத்தில் இருக்கும். அந்தச் சில சென்டிமீட்டர் நீரழுத்தமே சவ்வை உள்ளே தள்ளி, வால்வைத் திறந்துவிடப் போதும். யாரும் சுவாசிக்காமலே காற்று கொட்டித் தீரும். பைக்குள் திணித்து வைப்பதும் சரியல்ல. மூச்சுக்குத் தவிப்பவர் பையைத் துழாவ மாட்டார். தாடைக்கும் கடைசி விலாவுக்கும் நடுவே, நெஞ்சின்மேல், பார்த்ததும் தெரியும்படி இருக்க வேண்டும். முந்தானையோ வேறு துணியோ அதை மூடக் கூடாது.

தறியில் பாவு இழை அறுந்தால் நெசவாளர் போடும் முடிச்சு, இழை நுழையும் விழுதையும் சீப்புப் போன்ற பண்ணையையும் தாண்டும்போது அவிழக் கூடாது. வேறு சில கட்டுகளோ ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வர வேண்டும். இங்கேயும் அப்படித்தான். பிறருக்குக் கொடுக்க வேண்டியது ஓர் இழுப்பில் கையோடு வர வேண்டும். தனக்கென்று வைத்திருப்பது இடம் நகரக் கூடாது.

அமெரிக்காவின் புளோரிடாவில் நீருக்கடிக் குகைகளில் இறங்குபவர்கள், கூடுதலானதைக் கொடுக்கும் இந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்றினார்கள். தன் வாயில் இருக்கும் ரெகுலேட்டரையே துணைக்குக் கொடுத்துவிடுகிறார்கள்; நன்றாக வேலை செய்கிறது என்று அந்த நொடிவரை உறுதியாகத் தெரிந்தது அதுதானே! குறுகலான குகையில் ஒருவர்பின் ஒருவராக நீந்தி வெளியேற வசதியாக அதன் குழாய் 7 அடி நீளம். கொடுத்தவருக்கு உரியது அவர் கழுத்திலேயே, எலாஸ்டிக் கயிற்று வளையத்தில், தாடைக்குக் கீழே காத்திருக்கும். தலையைக் குனிந்தால் கைபடாமலே கவ்விக்கொள்ளலாம். இதுவே எனக்கு மேலான முறையாகப் படுகிறது.

ஆனால் வளையத்தின் நீளம் கழுத்துக்குக் கழுத்து மாறும். நீளமாக இருந்தால் வாய்க்கு எட்டாது. இறுக்கமாக இருந்தால் தொண்டையை உறுத்தும். கவ்வும் ரப்பரை ரெகுலேட்டரோடு பிணைக்கும் பிளாஸ்டிக் பட்டை தளர்ந்திருந்தால், இழுக்கும்போது ரப்பர் மட்டும் வளையத்தில் தங்கி, ரெகுலேட்டர் கழன்று போகும். அதைப் படகிலேயே, தண்ணீரில் குதிப்பதற்குமுன், இழுத்துப் பார்த்துவிட வேண்டும்.